மன்னார்குடியில் இருந்துகொண்டே எம்பிஏ ஆய்வேடு செய்ய முடியுமா?

கேள்வி கேட்டவர் மன்னார்குடிப் பக்கத்துக் கிராமத்து மாணவி, எம்பிஏ இரண்டாம் ஆண்டு. ஜனவரியில் நான்காவது செமஸ்டர் தொடங்கியதும் ஆய்வேட்டு வேலை. தலைப்பை இரண்டு வாரத்தில் கொடுக்கச் சொல்லிவிட்டார் கைடு. அவர் எழுதியது: "எங்கள் ஊரில் கம்பெனி என்று எதுவும் கிடையாது சார். அப்பாவுக்கு நாலு ஏக்கர் நெல், அண்ணன் உரக்கடை வைத்திருக்கிறார். சென்னையில் ஏதாவது ஐடி கம்பெனியில் ஊழியர் திருப்தி பற்றிச் செய்யலாமா? 384 பேர் வேண்டும் என்கிறார்கள். கூகுள் ஃபார்ம் அனுப்பினால் போதுமா?"

சென்னைக்குப் போக வேண்டாம். 384 பேரும் வேண்டாம். அப்பாவின் நாலு ஏக்கரையும் அண்ணனின் உரக்கடையையும் போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். நல்ல ஆய்வுக் கேள்விகள் அங்கேதான் இருக்கின்றன. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். இருபது வருடத்துக்கு மேலாக இந்த டெல்டாவில் மேலாண்மைப் பாடம் நடத்தி, ஆய்வேடு திருத்திக் கண் மங்கியவன் நான்.

முதலில் நான் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். என் முதுகலை ஆய்வேடு ஒரு சர்க்கரை ஆலைத் தொழிலாளர்களின் பணித் திருப்தி பற்றியது. 120 வினாத்தாள் அச்சடித்து ஆலை அலுவலகத்தில் கொடுத்தேன். இரண்டே நாளில் 120-ம் நிரம்பித் திரும்பி வந்தன. அதில் மூன்று பேனா மையும் இரண்டு கையெழுத்தும்தான் இருந்தன என்பதைப் பார்க்கிற புத்தி அப்போது எனக்கு இல்லை. கணக்குப் போட்டால் நம்பகத்தன்மைக் குறியீடு 0.97. கைடுக்கு மகிழ்ச்சி, எனக்கு அதைவிட மகிழ்ச்சி. வைவா என்கிற வாய்மொழித் தேர்வுக்கு வெளியிலிருந்து வந்த பேராசிரியர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "நீங்கள் போன மாதத்தில் ஆலை ஓடியதா?" ஓடவில்லை. அரவைப் பருவம் முடிந்து, ஒப்பந்தத் தொழிலாளர்கள் எல்லாம் ஊருக்குப் போயிருந்தார்கள். ஆலையில் ஆள் இல்லாத மாதத்தில் ஆலைத் தொழிலாளரின் திருப்தியை அளந்திருக்கிறேன். பாஸ் போட்டார், பெரிய மனது. ஆனால் அந்த ஆய்வேட்டை அதற்குப் பிறகு நான் யாரிடமும் காட்டியதில்லை.

ஐடி கம்பெனி யோசனையும் அந்த வகைதான். அந்தக் கம்பெனியைப் பற்றி உங்களுக்கு ஒன்றும் தெரியாது. ஃபார்மை யார் நிரப்பினார்கள் என்பதும் தெரியாது. கடைசியில் "பெரும்பாலானோர் ஓரளவு திருப்தியாக உள்ளனர், நிர்வாகம் ஊக்கத்தொகையைக் கூட்டலாம்" என்று முடிப்பீர்கள். இந்த முடிவை இப்போதே, யாரையும் கேட்காமலே எழுதிவிடலாமே! விடை முன்கூட்டியே தெரிந்த கேள்விக்கு எதற்கு ஆறு மாதம்? நம் பக்கத்து ஆய்வேடுகளில் நான் காணும் பெரிய குறை புள்ளியியல் இல்லை. கேள்வியே இல்லாமல் தலைப்பு மட்டும் இருப்பதுதான்.

சரி, கேள்வியை எங்கே தேடுவது? யாரோ ஒருவர் முடிவெடுக்கத் திணறும் இடத்தில். அல்லது வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு முட்டாள்தனமாகத் தெரிகிற ஒன்றைப் புத்திசாலிகள் தொடர்ந்து செய்கிற இடத்தில். உங்கள் அப்பாவிடம் இன்று இரவு இதைக் கேட்டுப் பாருங்கள்: "கொள்முதல் நிலையத்தில் அரசு விலை கிடைக்கும் என்று தெரிந்தும் சில பேர் ஏன் குறைந்த விலைக்கு வியாபாரியிடம் நெல்லைப் போடுகிறார்கள்?" அவர் சிரிப்பார். பிறகு ஒரு மணி நேரம் பேசுவார். அந்தப் பேச்சில் உங்கள் முதல் அத்தியாயம் இருக்கிறது.

இது விவசாயக் கல்லூரிக் கேள்விதானே, மேலாண்மை எங்கே வந்தது என்று கைடு கேட்கலாம். அதற்குப் பதில் வைத்துக்கொள்ளுங்கள். 1937-இல் ரொனால்டு கோஸ் என்ற இளைஞர், வயது 26, ஒரு கட்டுரை எழுதினார். சந்தை அவ்வளவு நன்றாக வேலை செய்கிறது என்றால் கம்பெனிகள் எதற்கு என்பது அவர் கேள்வி. சந்தையைப் பயன்படுத்தவே செலவாகிறது என்றார்: விலை விசாரிக்க, பேரம் பேச, சொன்ன சொல்லைக் காப்பாற்ற வைக்க. 1991-இல் அவருக்கு நோபல் பரிசு. அவர் வழியில் வந்த ஆலிவர் வில்லியம்சனுக்கு 2009-இல். பரிவர்த்தனைச் செலவு என்று உங்கள் பாடத்தில் இரண்டு பக்கம் வந்திருக்கும், தேர்வுக்கு மனப்பாடம் செய்திருப்பீர்கள். பிப்ரவரி மாதம் ஒரு கொள்முதல் நிலையத்தின் வாசலில் போய் நின்றால் அது தார்ப்பாய் போட்டு மூடிக் குவியலாகக் கிடக்கும். நெல்லைக் கொட்டிவிட்டு டோக்கனுக்குக் காத்திருப்பவர் இரவில் காவலுக்குப் படுக்கிறார். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் காயவைக்க வேண்டும். மழை பெய்த ஆண்டுகளில் மத்திய அரசிடம் கேட்டு இந்த வரம்பைத் தளர்த்துவார்கள், ஆனால் உத்தரவு வரும்வரை குவியல் அங்கேயே கிடக்கும். நடுவில் ஒரு மழை வந்தால் நெல் முளை கட்டிவிடும். படுதா வாடகை, காவல் கூலி, காய்ந்து குறையும் எடை, உரக்கடைப் பாக்கிக்கு ஓடும் வட்டி எல்லாவற்றையும் கூட்டி, மூட்டைக்கு எவ்வளவு என்று வகுத்துப் பாருங்கள். வியாபாரி குறைத்துக் கேட்கிற தொகைக்கு மிக அருகில் அது வந்து நின்றால் "விவசாயிக்கு விழிப்புணர்வு இல்லை" என்ற வழக்கமான முடிவு அடிபட்டுப் போகும். வராவிட்டால் இன்னும் நல்லது. வேறு எதுவோ அவரை வியாபாரியிடம் தள்ளுகிறது, அது என்ன என்று தேடலாம்.

செயல்பாட்டு மேலாண்மைக்காரர் உங்கள் கைடு என்றால் இதே இடத்தில் அவருக்குப் பிடித்தமான வேறொன்று இருக்கிறது. ஜான் லிட்டில் 1961-இல் நிறுவிக் காட்டிய எளிய விதி: வரிசையில் நிற்பவை எத்தனை என்பது, வரும் வேகத்தைச் சராசரிக் காத்திருப்பு நேரத்தால் பெருக்கினால் கிடைப்பது. ஒரு நிலையத்தில் ஒரு நாளைக்கு 800 மூட்டை எடை போடுகிறார்கள், வாசலில் எப்போதும் 6,400 மூட்டை கிடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மூட்டையும் சராசரியாக 8 நாள் காத்திருக்கிறது. யாரையும் கேட்க வேண்டாம், எண்ணினால் போதும். அப்புறம் தடை எங்கே என்று பார்க்கலாம்: தூற்றும் இயந்திரமா, தராசா, சாக்கு வரவில்லையா, லோடுமேன் போதவில்லையா, எடை போட்டதை ஏற்றிப்போக லாரி வரவில்லையா? ஐந்து நாள் உட்கார்ந்து நோட்டில் நேரம் குறித்தால் தெரிந்துவிடும். கிடங்குக்குப் போகாத மூட்டைகள் அடுக்கியே இருந்தால் தராசை வேகப்படுத்தி எந்தப் பயனும் இல்லை. இந்த ஒரு வரி உண்மையாக நிரூபணமானால் அதுவே ஒரு நல்ல ஆய்வேடு.

நெல் வேண்டாம் என்றாலும் இந்தப் பக்கம் பஞ்சமில்லை. அண்ணன் கடையையே எடுங்கள். சரக்குக்குப் பணத்தை முன்னால் கட்டி, விவசாயிக்கு அறுவடை வரை கடன் கொடுத்து, நடுவில் அவர் மூச்சுப் பிடித்து நிற்பது அப்படியே நடைமுறை மூலதனப் (ஒர்க்கிங் கேபிடல்) பாடம். குறுவைக்கும் சம்பாவுக்கும் அந்தச் சுழற்சி எப்படி மாறுகிறது என்று பார்க்கலாம். சுவாமிமலையில் மெழுகு வார்ப்பு செய்யும் ஸ்தபதிகளிடம், வெளியிலிருந்து தொழில் பழக வருபவருக்கு எதைச் சொல்லித் தருகிறார்கள், எதைச் சொல்லாமலே தருகிறார்கள் என்று கேட்கலாம். சொல்ல முடிவதைவிட அதிகம் நமக்குத் தெரியும் என்று மைக்கேல் பொலானி சொன்னதை அறிவு மேலாண்மைக்காரர்கள் எல்லாரும் மேற்கோள் காட்டுவார்கள், காவிரி வண்டலை விரலால் தேய்த்து இது பதம் என்று சொல்பவரைப் போய்ப் பார்த்தவர்கள் குறைவு. திருபுவனம் பட்டு, நாச்சியார்கோவில் குத்துவிளக்கு, நரசிங்கம்பேட்டை நாகஸ்வரம், 2025-இல் கும்பகோணம் வெற்றிலை என்று புவிசார் குறியீடு வரிசையாக வாங்கியிருக்கிறோம். வாங்கியபின் செய்பவர் கைக்கு விலையில் ஏதாவது கூடுதலாக வந்ததா? கும்பகோணத்தில் 1904-இல் தொடங்கிய ஒரு வங்கி இன்று சிட்டி யூனியன் வங்கியாக அங்கேயே தலைமையகத்தை வைத்திருக்கிறது; ஒரு சிறு நகரம் ஒரு நூற்றாண்டு தாண்டி வங்கியை எப்படித் தக்கவைத்தது என்பது வரலாற்றில் ஆர்வமுள்ளவருக்கு. 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையேறி, பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத் தென்னையைச் சாய்த்தது. அந்தத் தென்னையை நம்பியிருந்த கயிறு, நார், தேங்காய் வியாபாரங்கள் எப்படித் தாக்குப்பிடித்தன? 2028-இல் கும்பகோணத்தில் மகாமகம் வருகிறது, கூட்ட மேலாண்மைக்கு இதைவிடப் பெரிய ஆய்வுக்கூடம் கிடையாது, ஆனால் அதற்கு உங்களுக்கு அடுத்து வரும் மாணவர்கள் இருக்கிறார்கள்.

இந்த ஊரில் ஆய்வு செய்வது ஒன்றும் புதிது இல்லை என்பதையும் கைடிடம் சொல்லலாம். நூறு வருடத்துக்கு முன்னால் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரப் பேராசிரியராக இருந்த கில்பர்ட் ஸ்லேட்டர், மாணவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பிக் கணக்கெடுக்கச் சொன்னார். அதில் ஒன்று அன்றைய தஞ்சை மாவட்டத்துப் பாலக்குறிச்சி. அதன் பலன் 1918-இல் நூலாக வந்தது. அதே ஊருக்கு அடுத்தடுத்த தலைமுறை ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பப் போனார்கள்; இந்தியாவில் இவ்வளவு நீண்ட காலம் கணக்கு வைத்திருக்கும் கிராமங்கள் சிலதான். லீவுக்கு ஊருக்குப் போன மாணவன் நோட்டுப் புத்தகத்தில் எழுதியதில் தொடங்கியது அது.

இப்போது 384. இந்த எண்ணை எல்லாரும் கோவில் பிரசாதம் மாதிரி வாங்கிக்கொள்கிறார்கள், எங்கிருந்து வந்தது என்று கேட்பதில்லை. 1.96-ஐ வர்க்கப்படுத்தி, 0.25-ஆல் பெருக்கி, 0.05-இன் வர்க்கத்தால் வகுத்தால் 384.16 வரும். 95 சதவீத நம்பிக்கை, 5 சதவீதப் பிழை வரம்பு, மக்கள்தொகை மிகப் பெரியது என்ற நிலையில், ஒரு விகிதத்தைக் கணிக்கத் தேவையான அளவு இது. கிரெஜ்சி, மார்கன் இருவரும் 1970-இல் அட்டவணையாகவே போட்டுக் கொடுத்துவிட்டார்கள். ஆனால் முழுக் கணக்கும் ஒரு நிபந்தனையின் மேல் நிற்கிறது: மாதிரியைக் குலுக்கல் முறையில் எடுத்திருக்க வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் ஃபார்மைப் போட்டு, நிரப்பிய நண்பர்கள் 384 பேர் என்றால் அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை. 3,840 ஆனாலும் இல்லை.

குலுக்கல் எடுக்கப் பட்டியல் வேண்டும். இங்கேதான் டெல்டாவுக்கே உரிய ஒரு பள்ளம் இருக்கிறது. கிராம நிர்வாக அலுவலரிடம் போனால் பட்டாதாரர் பெயர் கிடைக்கும். அந்தப் பெயருக்குரியவர் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார். வயலில் இறங்குகிறவர் குத்தகைக்காரர். கோவில் நிலம், மடத்து நிலம் என்றால் கதை இன்னும் நீளும். பட்டியலை நம்பிக் குலுக்கினால் நெல்லை விற்காதவர்களிடம் விற்பனை பற்றிக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். சிட்டா, அடங்கல் யார் பெயரில் என்பதே ஒருவரைக் கொள்முதல் நிலையத்துக்கா வியாபாரிக்கா என்று தள்ளக்கூடிய காரணம் என்பதால், "சொந்த நிலமா, குத்தகையா, சாகுபடிச் சான்று கையில் இருக்கிறதா" என்பதைக் கட்டாயம் ஒரு மாறியாக வையுங்கள்.

என் யோசனை: நான்கு கொள்முதல் நிலையங்களை எடுங்கள். இரண்டு சிமெண்ட் களமும் கொட்டகையும் உள்ளவை, இரண்டு திறந்தவெளி. ஒவ்வொன்றின் சுற்றுவட்டத்திலும் முப்பது முதல் நாற்பது சாகுபடியாளர். மொத்தம் 120 முதல் 150. நிலையத்தில் காத்திருப்பவரிடம் மட்டும் கேட்காதீர்கள். அவருக்கு நேரம் நிறைய இருக்கிறது, ஆசையாகப் பேசுவார், ஒரே மாலையில் இருபது பேர் முடிந்துவிடும். ஆனால் வியாபாரிக்குப் போட்டவர் அங்கே வரவே மாட்டார் இல்லையா? உங்கள் கேள்வியே அவரைப் பற்றியது. அவரைத் தேடித் தெருவுக்கும் டீக்கடைக்கும் போக வேண்டும். தெருவில் நான்கு வீட்டுக்கு ஒரு வீடு என்று எண்ணிக்கொண்டு போனால்கூட வாட்ஸ்அப்பைவிட எவ்வளவோ மேல்.

விடை "நிலையத்துக்கு" அல்லது "வியாபாரிக்கு" என்று இரண்டில் ஒன்று என்பதால் லாஜிஸ்டிக் ரிக்ரஷன் பொருந்தும்; எந்தக் காரணம் எந்தப் பக்கம் எவ்வளவு தள்ளுகிறது என்று கணிக்கும் முறை அது. 150 பேரில் 40 பேர்தான் வியாபாரிக்குப் போட்டார்கள் என்றால் நான்கு காரணங்களுக்கு மேல் மாடலில் திணிக்காதீர்கள். காரணம் ஒன்றுக்குப் பத்து நிகழ்வாவது இருக்கட்டும் என்பது பழைய கட்டை விரல் கணக்கு. எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருள் வாங்கப் பணம் இல்லை என்றால் ஆர் (R) என்ற மென்பொருள் இலவசம். கணக்கை வெளியில் காசு கொடுத்துப் போட்டு வாங்கும் பழக்கம் நம் ஊர்களில் பெருகிவிட்டது, எனக்கு அதில் வருத்தம் உண்டு. சதவீதமும் கை-வர்க்கச் சோதனையும் (கை-ஸ்கொயர்) நீங்களே போட்டால்கூடப் போதும். அடுத்தவர் போட்டுக் கொடுத்த அழகான மாடலை வைவாவில் விளக்க முடியாமல் விழிப்பதைவிட அது கௌரவம்.

வினாத்தாளுக்கு வருவோம். ரென்சிஸ் லிக்கர்ட் 1932-இல் கொடுத்த ஐந்து படி அளவுகோலை அப்படியே மொழிபெயர்த்து "மிகவும் உடன்படுகிறேன், உடன்படுகிறேன்" என்று வாசித்துக் காட்டினால் எதிரே இருப்பவர் "நீங்களே பார்த்துப் போட்டுக்கங்க தங்கச்சி" என்பார். வீடு தேடி வந்த பெண் பிள்ளையின் மனம் நோகக் கூடாது என்று எல்லாவற்றுக்கும் ஆமாம் போடுவார்கள். கருத்தைக் கேட்காதீர்கள், நடந்ததைக் கேளுங்கள். "கொள்முதல் நிலையச் சேவை திருப்தியா?" என்பதைவிட "கடைசியாக நெல் போட்டபோது கொட்டிய நாள் எது, எடை போட்ட நாள் எது, பணம் வங்கியில் ஏறிய நாள் எது?" என்பது மேல். தேதி ஞாபகம் இராது, ஆனால் பொங்கலுக்கு முன்பா பின்பா, தைப்பூசத்துக்கா மாசி மகத்துக்கா என்றால் பளிச்சென்று வரும். எக்டேர் என்று கேட்காதீர்கள், மா கணக்கில் கேளுங்கள், மூன்று மா ஒரு ஏக்கர் என்று நீங்கள் பிறகு மாற்றிக்கொள்ளலாம். மூட்டை என்றால் எத்தனை கிலோ மூட்டை என்று உடனே கேளுங்கள். கொள்முதல் நிலைய மூட்டை 40 கிலோ, வியாபாரி பேசும் மூட்டை வேறு. இந்த இடத்தில் சறுக்கினால் விலை ஒப்பீடு முழுவதும் பாழ்.

ஆங்கிலத்தில் ஏற்கெனவே உள்ள அளவுகோலை எடுத்தால் தமிழாக்கி, அதைப் பார்க்காத இன்னொருவரிடம் திரும்ப ஆங்கிலமாக்கச் சொல்லி, இரண்டையும் ஒப்பிடுங்கள். பிரிஸ்லின் 1970-இல் சொன்ன முறை, ஒரு சாயங்கால வேலை. பிறகு பத்து பேரிடம் முன்னோட்டம். உங்கள் தெருவிலேயே வேண்டாம், பக்கத்து ஊரில். கேள்விகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் நம்பகத்தன்மைக் குறியீடான கிரான்பாக் ஆல்ஃபா 0.7-க்கு மேல் வந்தால் சரி என்று புத்தகம் சொல்கிறது. 0.95-க்கு மேல் போனால் சந்தோஷப்படாதீர்கள். ஒரே கேள்வியை வேறு வேறு வார்த்தையில் கேட்டிருக்கிறீர்கள், அல்லது என் சர்க்கரை ஆலை மாதிரி ஒரே பேனா எல்லாவற்றையும் நிரப்பியிருக்கிறது.

காலக்கணக்கு இந்த ஊரில் கல்லூரி நாட்காட்டியில் இல்லை, மேட்டூரில் இருக்கிறது. வழக்கப்படி ஜூன் 12-இல் அணை திறந்தால் குறுவை. செப்டம்பர், அக்டோபரில் அறுவடை. சம்பாவும் தாளடியும் ஜனவரி முதல் மார்ச் வரை அறுவடைக்கு வரும். வடகிழக்குப் பருவமழை இடையில் என்ன செய்யும் என்று யாருக்கும் தெரியாது. உங்கள் செமஸ்டர் ஜனவரியில் தொடங்குவது அதிர்ஷ்டம். பிப்ரவரியில் நிலையங்கள் நிரம்பி வழியும்போது நீங்கள் களத்தில் இருப்பீர்கள். ஆனால் வினாத்தாள் டிசம்பரிலேயே தயாராக இருந்தால்தான். மார்ச்சில் "இலக்கிய மீளாய்வு முடியவில்லை சார்" என்று வந்து நின்றால் களம் காலியாகியிருக்கும், அடுத்த சம்பா வரை யாரும் உங்களுக்காக நெல்லைக் கொட்டி வைத்திருக்கப் போவதில்லை.

அந்த மீளாய்வைப் பற்றி நிறையச் சொல்ல ஒன்றுமில்லை. அறுபது கட்டுரையின் சுருக்கத்தை ஒன்றன் கீழ் ஒன்றாக ஒட்டுவது மீளாய்வு ஆகாது. பன்னிரண்டு கட்டுரையை முழுதாகப் படித்து, ஒருவர் சொன்னதை இன்னொருவர் எங்கே மறுக்கிறார் என்று எழுதுங்கள். இந்தியப் பல்கலைக்கழக முனைவர் பட்ட ஆய்வேடுகள் ஷோத்கங்கா தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. கொள்முதல் பற்றித் தேடினால் ஏற்கெனவே செய்தவர்கள் எங்கே நிறுத்தினார்கள் என்பது தெரியும். சாட்ஜிபிடியிடம் மேற்கோள் கேட்டால் இல்லாத கட்டுரையை ஆசிரியர் பெயர், பக்க எண்ணோடு கொடுத்துவிடும். போன வருடம் மட்டும் என்னிடம் வந்த ஆய்வேடுகளில் மூன்றில் இதைப் பிடித்தேன். கட்டுரையைத் திறந்து பார்க்காமல் எதையும் பட்டியலில் சேர்க்காதீர்கள்.

புள்ளிவிவரத்துக்கு மாநிலப் பொருளியல் புள்ளியியல் துறையின் பருவம், பயிர் அறிக்கையும், ஒவ்வொரு மாவட்டத்துக்கும் நபார்டு ஆண்டுதோறும் போடும் கடன் வாய்ப்புத் திட்டமும் நல்ல தொடக்கம். நிலையவாரியாக எத்தனை மூட்டை என்ற விவரம் வேண்டும் என்றால் கொள்முதல் நிலையங்களை நடத்தும் நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் மண்டல அலுவலகத்துக்குத் துறைத்தலைவர் கடிதத்தோடு போய்க் கேளுங்கள். தரவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய்க் கட்டணம், 30 நாளில் பதில் தர வேண்டும். அதையும் டிசம்பரிலேயே அனுப்பிவிடுங்கள், பதில் வரும்போது உங்களுக்குத் தேவைப்படும் நேரமாக இருக்கும்.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். நிலையத்தில் மூட்டைக்கு இவ்வளவு என்று யாராவது கை நீட்டுவதைப் பற்றி உங்களிடம் சொல்வார்கள். சொன்னவர் யார் என்பது உங்கள் ஆய்வேட்டிலிருந்து தெரியவே கூடாது. சமூகவியலாளர் ஆந்த்ரே பெத்தேல் தஞ்சாவூர்க் கிராமம் ஒன்றில் தங்கி ஆராய்ந்தபோது அந்த ஊருக்கு ஸ்ரீபுரம் என்று பெயர் மாற்றி எழுதினார். மானிடவியலாளர் கேத்லீன் கஃப் தான் ஆராய்ந்த ஊரைக் கும்பப்பேட்டை ஆக்கினார். பெயரை மட்டும் மாற்றினால் போதாது. "ரைஸ் மில் வைத்திருக்கும் முன்னாள் தலைவர்" என்று எழுதினால் ஊரில் ஒரே ஒருவர்தான் இருப்பார். அடுத்தது, அண்ணன் கடையில் பாக்கி வைத்திருப்பவரை நீங்களே போய்ப் பேட்டி எடுக்காதீர்கள். "யாரிடம் கடன், அதனால்தான் அவருக்கே நெல் போடுகிறீர்களா?" என்று கடன் கொடுத்தவரின் தங்கை கேட்டால் என்ன பதில் வரும்? அந்த ஊர்களை விட்டுவிடுங்கள், அல்லது வகுப்புத் தோழியோடு ஊரை மாற்றிக்கொள்ளுங்கள். மகளிர் குழு, நுண்கடன் பற்றிச் செய்யப்போகும் உங்கள் தோழிகளுக்கும் இதேதான்: வாராந்திர வசூல் கூட்டத்தில் வசூலிப்பவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கக் கேள்வி கேட்டால் எல்லாரும் திருப்தியாகத்தான் இருப்பார்கள்.

ஒவ்வொரு நாள் களத்துக்குப் போய் வந்ததும் அன்றிரவே தமிழில் எழுதிவையுங்கள். ஆய்வேடு ஆங்கிலத்தில் இருக்கலாம், குறிப்பு பேசிய மொழியில் இருக்கட்டும். "வியாபாரி வீட்டு வாசலுக்கு வர்றான், அங்க நாமதான் போய் நிக்கணும்" என்று ஒருவர் சொன்னால் அதை ஆங்கிலத்தில் குறித்துக்கொண்டால் பாதி தொலைந்துவிடும்.

எழுதும்போது நிறுவன அறிமுகம் என்று முப்பது பக்கம் இணையத்தில் இருந்து இறக்கும் வழக்கம் வேண்டாம். யுஜிசியின் 2018 விதிப்படி பிறர் எழுத்தோடு ஒப்புமை 10 சதவீதம் வரை தண்டனை இல்லை, 10 முதல் 40 வரை என்றால் திருத்தி மீண்டும் கொடுக்க வேண்டும், 40 முதல் 60 வரை என்றால் ஓராண்டு கொடுக்கவே முடியாது, 60-க்கு மேல் பதிவே ரத்து. அந்த முப்பது பக்கம்தான் பலரை மாட்டிவிடுகிறது. மதிப்பெண்ணும் அதற்குக் கிடையாது, நாங்கள் யாரும் அதைப் படிப்பதும் இல்லை.

பரிந்துரை அத்தியாயத்தில் "அரசு தக்க நடவடிக்கை எடுக்க வேண்டும்" என்ற வாக்கியத்தை நீங்களே தடை செய்துவிடுங்கள். யார், எதை, எந்த மாதத்துக்குள், என்ன செலவில் என்று எழுத முடிந்தால் பரிந்துரை. முடியாவிட்டால் கண்டறிந்ததோடு நிறுத்திக்கொள்வதில் தவறில்லை.

கைடுக்கு உங்களைப் போல எட்டு பத்துப் பேர் இருப்பார்கள். முழு அத்தியாயத்தைக் கடைசி வாரம் கொண்டுபோய்க் கொட்டாமல், பதினைந்து நாளுக்கு ஒரு பக்கம் கொடுங்கள்: என்ன செய்தேன், எங்கே முட்டிக்கொண்டேன், அடுத்து என்ன. ஒரு பக்கம் என்றால் படிப்பார். பேராசிரியர்களுக்கும் வீட்டில் ஆயிரம் வேலை.

தலைப்பை இப்படிக் கொடுங்கள்: "குறைந்த விலைக்கு விற்பது ஏன்? திருவாரூர் மாவட்ட நெல் சாகுபடியாளர்களின் விற்பனை முடிவில் காத்திருப்புச் செலவின் பங்கு." ஆங்கிலத்தில் "எ ஸ்டடி ஆன்" என்று தொடங்கினால்தான் கையெழுத்துப் போடுவேன் என்று கைடு அடம்பிடித்தால் போட்டுக்கொள்ளுங்கள், அதில் சண்டை வேண்டாம். அதற்கு முன்னால் இந்தச் சனிக்கிழமை வினாத்தாள் எதுவும் எடுக்காமல், அப்பாவின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து உங்கள் பக்கத்துக் கொள்முதல் நிலையத்துக்கு ஒரு தடவை போய் வாருங்கள். இப்போது பூட்டிக் கிடக்கும். களம் சிமெண்டா மண்ணா, கொட்டகை இருக்கிறதா, லாரி வந்து திரும்ப இடம் இருக்கிறதா, பக்கத்து டீக்கடைக்காரர் போன பிப்ரவரியைப் பற்றி என்ன சொல்கிறார் என்று குறித்துக்கொண்டு எனக்கு எழுதுங்கள். கருதுகோள்களை அதை வைத்துப் பேசலாம்.